பதில்: "பேச்சுவார்த்தைன்னாலே சரணாகதிதானே" என்று எதிரணி கேட்டால்?

தம்பி, கல்லூரிப் பட்டிமன்றத்தில் 'தீவிரவாதத்தைத் தடுக்கப் பேச்சும் வேண்டும்' அணியில் மாட்டிக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். பொதுவாகப் பேசினால் எதிரணி மடக்கிவிடும். பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று பல ஆண்டுகள் ஆயுத மோதல் நடந்த வட அயர்லாந்து ஒன்றையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1993 நவம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜர், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் குடியரசுப் படை) தரப்போடு பேசுவது தனக்குக் குமட்டும் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்த மாதக் கடைசியிலேயே அவர் அரசு ரகசியமாகத் தொடர்பு வைத்திருந்த விஷயம் பத்திரிகையில் வந்துவிட்டது! அவையில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம்.

ஆனால் உங்கள் துருப்புச்சீட்டு மோ மோலம். பிரிட்டிஷ் அரசின் வட அயர்லாந்து அமைச்சராக இருந்தவர். மூளைக்கட்டிக்குச் சிகிச்சை எடுத்து விக் வைத்திருந்தவர். 1998 ஜனவரியில் எதிர்ப்பை மீறி மேஸ் சிறைக்குள் போய், பேச்சுக்கு ஆதரவை விலக்கிக்கொண்ட லாயலிஸ்ட் (பிரிட்டனோடேயே இருக்க விரும்பிய) ஆயுதக்குழுக் கைதிகளோடு நேருக்கு நேர் பேசினார். சில மணி நேரத்தில் அவர்கள் இறங்கிவந்தார்கள். ஏப்ரல் 10-இல் புனித வெள்ளி ஒப்பந்தம் என்கிற அமைதி ஒப்பந்தம். மே மாத வாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 71 சதவீதம் ஆதரவு.

ஒன்றை மறைக்காதீர்கள். ஒப்பந்தத்துக்குப் பிறகும், ஆகஸ்டில் வட அயர்லாந்தின் ஓமா நகரில் நடந்த குண்டுவெடிப்பில் 29 பேர் செத்தார்கள். எதிரணி அதை எடுப்பதற்குள் நீங்களே எடுத்துவிடுங்கள். குண்டு வைத்தது ஒப்பந்தத்தை ஏற்காமல் ஐ.ஆர்.ஏ.விலிருந்து பிரிந்துபோன குழு. கண்டனம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது, ஐ.ஆர்.ஏ.வோடு தொடர்புடைய அரசியல் கட்சியான ஷின் ஃபெய்ன் உட்பட. 'சரணாகதி' என்றால், 2005-இல் ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்தது யார் என்று திருப்பிக் கேளுங்கள். அரசா, ஐ.ஆர்.ஏ.வா?