பால் பல்தானே என்று விடலாமா?

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இரு வேளையும் பல் துலக்குகிறாள். ஆனாலும் கீழ்வரிசைக் கடைசிப் பல்லில் சொத்தை. விழுந்து முளைக்கும்தானே?

பதில்: முளைக்காது. ஆறு வயதுவாக்கில், எந்தப் பல்லும் விழாமலே பின்னால் வரும் நிரந்தரப் பல் அது; பலரும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். முளைக்கும்போது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருப்பதால் பிரஷ் அதன்மேல் படாது. பள்ளங்களில் பிஸ்கட் மாவு அப்பிக்கொள்ளும். கன்னத்தின் பக்கமிருந்து பிரஷ்ஷைக் குறுக்காக நுழைத்து, அந்தப் பல்லைத் தனியாகத் தேய்த்துவிடுங்கள். எட்டு வயதுவரை இரவில் நீங்களே துலக்கிவிடுவது நல்லது. பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட், இரண்டு நிமிடம். நுரையைத் துப்பினால் போதும். கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும். சொத்தையை உடனே அடைத்துவிடுங்கள். மற்றக் கடைவாய்ப் பற்களுக்கு சீலன்ட் (பல்லின் பள்ளங்களை மூடும் பூச்சு) பூசலாமா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள்.