கௌரியம்மாவின் ஆறு நாள்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 23. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு கூட்டத்தில் கேரளத்துக் கம்யூனிஸ்ட் தலைவர் கே.ஆர்.கௌரியம்மாவைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவருடைய தேர்தல் வரலாற்றை ஓர் அட்டவணையாகப் போட்டுப் பார்த்தேன். இணைத்திருக்கிறேன். 1948இலிருந்து 2011 வரை 17 முறை போட்டி, 13 முறை வெற்றி. ஸ்டிரைக் ரேட் 76 சதவீதம்.

சில சந்தேகங்கள். 1987இல் அவரை ஏன் முதல்வர் ஆக்கவில்லை? மார்க்சிஸ்ட் கட்சி வெளியேற்றியதும் தனிக்கட்சி தொடங்கி, வாழ்நாளெல்லாம் எதிர்த்த காங்கிரஸ் அணியில் சேர்ந்து அமைச்சரும் ஆனாரே, அது சரியா? 86 வயதில் நின்று தோற்று, மறுபடி 91 வயதில் நின்று தோற்று, இருந்த பெயரையும் கெடுத்துக்கொண்டார் என்று தோன்றுகிறது. கௌரவமாக ஒதுங்கியிருக்கலாம் இல்லையா? ‘போலீஸ் லத்திக்குக் கருவுறச் செய்யும் சக்தி இருந்திருந்தால் நான் நிறைய லத்திப் பிள்ளைகளைப் பெற்றிருப்பேன்’ என்று அவர் சொன்னதாக வருகிறதே, உண்மையா?

எஸ்.
மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பி,

உன் அட்டவணையைப் பார்த்தேன். ஒரு பையன் உட்கார்ந்து அறுபது வருஷத் தேர்தலை வரிசையாக எழுதியிருக்கிறான் என்பதே எனக்கு சந்தோஷமாக இருந்தது. அந்த ஸ்டிரைக் ரேட்டைப் பார்த்ததும் சந்தோஷம் போய்விட்டது. கௌரியம்மா என்ன ஐபிஎல்லிலா ஆடினார்?

லத்தி விஷயத்தை விடு. சொன்னார் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள், நானும் நம்புகிறேன். ஆனால் அவரைப் பற்றி வேறு எதுவுமே தெரியாதவர்கள் அந்த ஒரு வாக்கியத்தை வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு அனுப்பி அனுப்பி அதைத் தேய்த்துவிட்டார்கள்.

முதல்வர் கேள்வியும் அப்படித்தான். 1987இல் ‘கேரம் திங்கும் கேரள நாட்டில் கே.ஆர்.கௌரி பரிச்சீடும்’ (தென்னை நிறைந்த கேரள நாட்டை கௌரி ஆள்வார்) என்று ஊர் ஊராகக் கோஷம் போட்டு ஓட்டு வாங்கினார்கள். ஜெயித்த பிறகு நாயனார் முதல்வரானார். பெண் என்பதாலா, ஈழவ சாதி என்பதாலா, யாருக்கும் வளையாத நாக்கு என்பதாலா என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மூன்றும்தான். இன்றுவரை கேரளத்தில் ஒரு பெண் முதல்வராகவில்லை, அதற்கு மேல் இதில் ஆராய எனக்கு எதுவும் இல்லை. முதல்வர் ஆகாததையே ஒரு வாழ்க்கையின் மையமாக்கிப் பேசுவது எனக்கு அலுத்துவிட்டது.

உன் அட்டவணையில் 1957க்கு நேரே ‘வெற்றி, சேர்த்தலை, வருவாய்த்துறை அமைச்சர்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாய். அந்த வரியில்தான் எனக்குச் சண்டை.

1957 ஏப்ரல் 5ஆம் தேதி கேரளத்தில் முதல்வர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அமைச்சரவை பதவியேற்றது. ஏப்ரல் 11ஆம் தேதி அவசரச் சட்டம் வந்துவிட்டது: கேரளத்தில் எந்தக் குத்தகைக்காரரையும், எந்தக் குடிகிடப்புக்காரரையும் (அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு இருப்பவர்) இனி நிலத்தை விட்டு இறக்கக் கூடாது. நடுவில் ஆறு நாள். சட்டம் படித்த 37 வயதுப் பெண், முதல்முறை அமைச்சர். நம் ஊரில் புது அமைச்சருக்கு அறையில் சோபா மாற்றவே ஆறு நாள் பற்றாது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று உனக்குத் தோன்றலாம். நான் வருவாய்த்துறையில் வேலை பார்த்தவள், அதனால் சொல்கிறேன். நிலச் சட்டங்கள் சட்டமன்றத்தில் தோற்பதில்லை. சட்டம் வரப்போகிறது என்று அறிவிப்பதற்கும் அது அரசிதழில் வருவதற்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறதே, அங்கேதான் செத்துப்போகும். வரப்போகிறது என்று காதில் விழுந்த மறுநாளே கணக்குப்பிள்ளைகள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். எழுத்து இல்லாத குத்தகைக்காரனை வயலை விட்டு இறக்கு. இருக்கிற நிலத்தைச் சித்தப்பா மகன் பெயருக்கு, கோயில் பெயருக்கு, தொட்டிலில் கிடக்கிற பேரன் பெயருக்கு எழுது. அப்புறம் அமைச்சர் புரட்சிகரமான சட்டத்தைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும்போது, பாதுகாக்க வேண்டிய ஆள் நிலத்தில் இருக்க மாட்டான், பிடுங்க வேண்டிய நிலம் ஆள் பெயரில் இருக்காது. தமிழ்நாட்டு நில உச்சவரம்பு, அதாவது ஒரு குடும்பம் அதிகபட்சம் வைத்துக்கொள்ளக்கூடிய நிலம், 30 தர ஏக்கராக (நிலத்தின் தரத்தை வைத்துப் போடும் ஏக்கர் கணக்கு) வந்து, 1970இல் 15 ஆகக் குறைந்த கதையின் மிச்சத்தை நான் கோப்புகளில் பார்த்திருக்கிறேன். ஒரே குடும்பத்தில் எத்தனை தனித்தனிக் குடும்பங்கள் இருக்க முடியும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

கௌரியம்மாவுக்கு இது தெரிந்திருந்தது. அதனால் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கிற பெரிய சட்டத்துக்கு முன்னால், ‘யாரும் இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது’ என்று கதவைச் சாத்தினார். பெரிய சட்டமான விவசாய உறவு மசோதா 1959 ஜூனில்தான் நிறைவேறியது. அடுத்த மாதமே, ஜூலை 31ஆம் தேதி, ஆட்சியையே கலைத்துவிட்டார்கள். மசோதா டெல்லிக்குப் போய்த் திரும்பி, திருத்தப்பட்டு, நீதிமன்றத்தில் அடிபட்டு, 1963இல் வேறொரு சட்டமாகி, 1967 ஆட்சியில் மறுபடி வருவாய்த்துறைக்கு வந்த கௌரியம்மாவின் கையில் 1969இல் திருத்தப்பட்டு, 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிந்தது. அப்போது அவர் ஆட்சியிலேயே இல்லை, அச்சுத மேனன் முதல்வர். ஆக 13 வருஷம். அந்த ஆறு நாளில் கதவைச் சாத்தாமல் விட்டிருந்தால் இந்த 13 வருஷத்தில் காப்பாற்ற ஒரு குத்தகைக்காரன் மிஞ்சியிருப்பானா?

இதை நான் இவ்வளவு இழுப்பதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. நீ மார்த்தாண்டத்துக்காரன், உனக்குச் சொன்னால் புரியும். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் நம் கன்னியாகுமரித் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முன்னால் 1952இலும் 1954இலும் தேர்ந்தெடுக்கப்பட்ட திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையில், தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்கக் கேட்ட நேசமணி கட்சியின் தமிழ் உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்த அதே சபையில் கௌரியம்மாவும் உறுப்பினர். 1954 ஆகஸ்டில் உங்கள் ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது அந்தச் சபைதான் இருந்தது. உன் அட்டவணையில் ‘வேறு மாநிலம்’ என்று தலைப்பு வைத்திருக்கிறாய், அது முழுக்கச் சரியில்லை.

என் தாத்தா பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, வயல் செய்தவர். வாய்ப்பேச்சுப் பாட்டம், ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அவருடைய தங்கையை பாறசாலைப் பக்கம், இப்போது கேரளத்தில் இருக்கிற ஊரில், கட்டிக் கொடுத்திருந்தது. அங்கேயும் அதே கதை, பாட்ட வயலும் ஓலைக் குடிசையும். எல்லை பிரிந்து ஐந்து மாதம் சொச்சம் ஆனபோது அந்த அவசரச் சட்டம் வந்தது. தங்கை வீட்டை யாரும் அசைக்க முடியவில்லை. பின்னால் அவர்களுக்கு வயலும் குடிசை மனையும் சொந்தமாகவே ஆயின. இந்தப் பக்கம், தாத்தாவின் நிலக்காரர் கேரளச் செய்தியைக் கேட்டுப் பயந்துவிட்டார். நாளைக்கு இங்கேயும் இப்படி ஒன்று வந்தால் என்ன செய்வது? அந்த வருஷம் கன்னிப்பூ நெல் அறுத்ததும் ‘இனி வேண்டாம் கேட்டியா’ என்று நல்லபடியாகத்தான் சொல்லி அனுப்பினார். கெட்ட மனிதரும் இல்லை. தாத்தா அதன் பிறகு கூலிக்குப் போனார். எல்லை தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்காக ஊர்வலம் போனவரும் அவர்தான். அதற்காக அவர் கடைசிவரை வருந்தவில்லை. ஆனால் தங்கை வீட்டுக்குப் போனால் ஒரு வேளைக்கு மேல் தங்க மாட்டார்.

எங்கள் வீட்டில் கௌரியம்மா பெயரைப் பெண்கள்தான் சொல்வார்கள், அதுவும் கொஞ்சம் பொறாமையோடு.

சரி, உடனே யாராவது எழுதுவார்கள்: அந்த நிலச் சீர்திருத்தம் தலித்துகளுக்கு என்ன கொடுத்தது? நியாயமான கேள்வி. குத்தகைக்காரருக்கு வயல் கிடைத்தது. வயலில் இறங்கி வேலை செய்தவருக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகரத்தில் 3 என்று குடிசை மனைதான் கிடைத்தது. தேயிலை, ரப்பர் தோட்டங்களைத் தொடவே இல்லை. ஆதிவாசிகளின் நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. இந்தக் குறையைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்தால் அது மாலை போடுவதாகிவிடும்.

இதைச் சொன்ன கையோடு உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1994 ஜனவரி 1ஆம் தேதி கட்சி அவரை வெளியேற்றியது. ஜே.எஸ்.எஸ். என்று சொந்தக் கட்சி தொடங்கி காங்கிரஸ் அணிக்குப் போனார். அரூரில் (தர்மபுரி அரூர் இல்லை, வேம்பநாட்டுக் காயலோரத்து அரூர்) 1996இலும் 2001இலும் அந்த அணியில் நின்று ஜெயித்தார். 2001இல் ஆண்டனி அமைச்சரவையில் விவசாயத்துறை. கொள்கையை விற்றுவிட்டாரா என்றுதான் நீ கேட்கிறாய். 1996 சபையில் என்ன நடந்தது என்று பார்த்தாயா?

ஆதிவாசிகளிடமிருந்து பறிபோன நிலத்தைத் திருப்பிக் கொடுக்க 1975இலேயே ஒரு சட்டம் வந்தது. அதை யாரும் நடைமுறைப்படுத்தவில்லை. நீதிமன்றம் நெருக்கியதும், நிலத்தைப் பிடித்து வைத்திருந்த குடியேறிகளைக் காப்பாற்ற அந்தச் சட்டத்தையே நீர்க்கச் செய்யும் திருத்த மசோதா சபைக்கு வந்தது. கொண்டுவந்தது நாயனாரின் இடதுசாரி அரசு. எதிரணி காங்கிரசும் ஆதரித்தது, குடியேறிகளின் ஓட்டு இரண்டு பேருக்கும் வேண்டும். 140 பேர் கொண்ட சபையில் எதிர்த்தவர் ஒரே ஒருவர், கௌரியம்மா. பழைய கட்சிக்கும் எதிராக, தன்னைச் சேர்த்துக்கொண்ட புதிய அணிக்கும் எதிராக, 77 வயதில். அணி மாறிய பிறகு கொள்கை போய்விட்டது என்றால் அந்த ஒற்றை ஓட்டை எந்தக் கட்டத்தில் போடுவாய்?

அணி மாறியதை நான் நியாயப்படுத்தவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. அமைச்சர் பதவி மேல் அவருக்கு ஆசை இருந்தது, கோபமும் இருந்தது, இரண்டும் சேர்ந்து முடிவெடுத்தார். ஆனால் சட்டமன்ற உறுப்பினர் என்றால் தெருவிளக்குப் போடுகிறவர், கல்யாணத்துக்கு வருகிறவர், பரிந்துரைக் கடிதம் தருகிறவர் என்று நாம் பழகிவிட்டோம். எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று நம் தொகுதியில் யாராவது யாரையாவது கேட்டிருக்கிறோமா? உன் அட்டவணையில் ஓட்டு வித்தியாசம் ஒற்றை ஒற்றையாக இருக்கிறது, சபையில் அவர் செய்த வேலைக்கு ஒரு கட்டம்கூட இல்லை. எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

தோல்விகளையும் அப்படியே விட்டுவிட்டாய். 1977இல் அரூரில் அவரைத் தோற்கடித்தவர் பி.எஸ்.ஸ்ரீனிவாசன், இந்தியக் கம்யூனிஸ்ட். நெருக்கடிநிலைக்குப் பிறகு வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்ட அதே தேர்தலில் கேரளத்தில் காங்கிரசும் இந்தியக் கம்யூனிஸ்டும் இருந்த அணி 140இல் 111 இடம் பிடித்தது. கௌரியம்மாவின் கணவர் டி.வி.தாமஸ் அந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். 1957இல் கல்யாணம், இருவரும் ஒரே கட்சி, ஒரே அமைச்சரவை. 1964இல் கட்சி உடைந்தபோது ஆளுக்கொரு பக்கம். 1967இல் மறுபடி ஒரே அமைச்சரவையில் இரண்டு கட்சி அமைச்சர்களாக உட்கார்ந்தார்கள். 1977 மார்ச்சில், கௌரியம்மா தோற்ற தேர்தல் முடிந்த சில நாளில் தாமஸ் இறந்தார். இதை ‘தோல்வி’ என்று மூன்றெழுத்தில் முடிக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

1960ஐயும் திருப்பிப் பார். ஓட்டு சதவீதம் கூடியும் கம்யூனிஸ்ட்களுக்கு இடம் 60இலிருந்து 29ஆக விழுந்த வருஷம். நிலச்சுவான்தார்களும் கிறிஸ்தவத் திருச்சபைகளும் ஒன்றாகத் திரண்டு நின்ற அந்தத் தேர்தலில், மசோதா கொண்டுவந்த அமைச்சரே சேர்த்தலையில் மறுபடி ஜெயித்திருக்கிறார். அதற்குக் கீழே 1965: வெற்றி என்று போட்டிருக்கிறாய், சரிதான், ஆனால் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் அந்தச் சபை ஒரு நாள்கூடக் கூடவில்லை. பதவிக்காலம் ஐந்து வருஷம் என்று நீ எழுதியிருப்பது தப்பு, பூஜ்யம் போடு.

கடைசித் தேர்தல்கள். 2006இல் அரூரில் ஏ.எம்.ஆரிஃபிடம் தோற்றார். 2011இல் சேர்த்தலையில் பி.திலோத்தமனிடம். 28 வயதில் 1948இல் தோற்றதில் உனக்குக் குறை தெரியவில்லை, 91 வயதில் தோற்றதால் பெயர் கெட்டது என்கிறாய். நிற்பதற்கு அவருக்கு உரிமை உண்டு, வேண்டாம் என்று சொல்ல ஓட்டுப்போடுகிறவருக்கு உரிமை உண்டு, இரண்டும் ஒழுங்காக நடந்திருக்கிறது. ‘கௌரவமாக ஒதுங்கு’ என்று நாம் கிழவர்களிடம் சொல்வதைவிடக் கிழவிகளிடம் சீக்கிரமாகச் சொல்கிறோம் என்பது என் சந்தேகம். கருணாநிதி 2016இல் 92 வயதை நெருங்கும்போது திருவாரூரில் நின்றார். அப்போது நீ பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாய், உன் வீட்டில் யாராவது முகம் சுளித்தார்களா என்று கேட்டுப் பார்.

அட்டவணையைத் திருத்தி அனுப்பு, இந்தத் தளத்திலேயே போடுகிறேன். ஆனால் தேர்வு முடிந்த பிறகு. எப்போது தேர்வு என்று நீ எழுதவே இல்லை.