304-உம் 28-உம் ஒன்றுதானா? மூடின துரும்பு என்றால் என்ன?

"கல்யாணம் கட்டித் திருகோணமலைக்கு வந்திருக்கிறேன். மாமி வீட்டில் எல்லோரும் 304 விளையாடுகிறார்கள். எனக்கு 28 தெரியும். எண்களைப் பெரிதாக்கினால் இதுவும் அதுதானே? மூடின துரும்பு என்கிறார்களே, அது என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். தங்கச்சி, முதல் கேள்வியை உங்கள் மாமியிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இரண்டு கடதாசி விளையாட்டும் சொந்தம்தான், மறுக்கவில்லை. இரண்டிலும் ஏழு தொடக்கம் ஏஸ் வரை 32 கடதாசி, இரண்டிலும் ஜாக்தான் பெரியவர், அவருக்குப் பின்னால் ஒன்பது. ஆனால் 28-இல் ராசாவுக்கும் ராணிக்கும் ஒரு புள்ளியும் இல்லை. 304-இல் ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டும் ஏழும் வெறும் கை. ஒரு சாதிக்கு, அதாவது ஒரே சின்னமுள்ள எட்டுக் கடதாசிக்கு, 76; நாலு சாதிக்கும் சேர்த்து 304. ஒரு மூன்றும் ஒரு இரண்டும் என்ன பெரிய விஷயம் என்றுதானே நினைக்கிறீர்கள்? எங்கள் மாமாவும் அப்படித்தான் நினைத்தார்.

உவர்மலையில் எங்கள் அம்மம்மா வீடு. ஊரடங்குக் காலம், கரண்ட் இல்லை, அரிக்கன் லாம்பைச் சுற்றிப் பாயில் இருந்துதான் விளையாட்டு. அம்மம்மா கடதாசியைக் கையில் விரித்துப் பிடிக்கவே மாட்டார். மடியில் கவிழ்த்து வைத்து, நுனியை மட்டும் பெருவிரலால் நிமிர்த்திப் பார்ப்பார். விழுந்த கடதாசி முழுக்க மனதில் நிற்கும். மாமா 200 கேட்டிருந்தார், அதாவது தன் பக்கம் 200 புள்ளி எடுக்கும் என்று ஏலம் சொல்லியிருந்தார். அதை உடைக்க அம்மம்மா பக்கத்துக்கு 105 வேண்டும். கடைசிச் சுற்று வரும்போது அவர்களிடம் இருந்தது 100. துரும்பெல்லாம், அதாவது மற்றச் சாதிகளை வெட்டுகிற கடதாசியெல்லாம், போய்விட்டது, பெரிய கடதாசி ஒன்றும் மிச்சமில்லை, மாமா வென்றாயிற்று என்று சிரிக்கத் தொடங்கிவிட்டார். அம்மம்மா கலாவரை (கிளாவர்) ராசாவை இறக்கினார். மாமாவின் கையில் கடைசியாக இருந்தது கலாவரை ராணி. மூன்றும் இரண்டும் ஐந்து. மாமா 199-இல் நின்றார். 28 என்றால் அந்த இரண்டு கடதாசியும் குப்பை. இப்போது சொல்லுங்கள், எண்ணைப் பெரிதாக்கினால் மட்டும் போதுமா?

இவ்வளவு கெட்டிக்காரியை ஒரு செத்த வீட்டில்கூட யாரும் விளையாடக் கூப்பிட்டதில்லை. பந்தலுக்குள் விடிய விடிய 304 போகும், எல்லாம் ஆம்பிளைகள். அம்மம்மா குசினியில் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, பந்தலில் யார் எந்தக் கடதாசியைப் பிழையாக இறக்கினார் என்று எங்களுக்குச் சொல்லுவார்.

சரி, மூடின துரும்பு. முதலில் ஆளுக்கு நாலு கடதாசி. அதை மட்டும் பார்த்துக் கேட்க வேண்டும். குறைந்தது 160, பத்துப் பத்தாக ஏறும். கூடக் கேட்டவர் தன் நாலில் ஒன்றை முன்னால் கவிழ்த்து வைப்பார். அதன் சாதிதான் துரும்பு, அவரைத் தவிர யாருக்கும் தெரியாது, எதிரே இருக்கிற சொந்தக் கூட்டாளிக்கும் தெரியாது. பிறகு மிச்சம் நாலு நாலு. இறக்கின சாதி கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் எதையாவது கவிழ்த்துப் போடலாம். சுற்று முடிந்ததும் துரும்பு வைத்தவர் கவிழ்ந்ததைத் தூக்கிப் பார்ப்பார். அதில் துரும்பு இருந்தால் தன் துரும்பைத் திறந்து காட்டியே ஆக வேண்டும், வெட்டியவருக்குத்தான் சுற்று. இல்லையென்றால் பேசாமல் அப்படியே மூடி வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடருவார். அவர் தூக்கிப் பார்க்கிற அந்தக் கணத்தில் நீங்கள் கடதாசியைப் பார்க்கக் கூடாது, முகத்தைப் பார்க்க வேண்டும். விளையாட்டின் உயிரே அங்கேதான்.

யாழ்ப்பாணத்தில் இப்படி இல்லை, கனடாவில் இப்படி இல்லை என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வீட்டுக்கு வீடு மாறும், தெரியும். சூது பழக்குகிறாய் என்றும் ஒருவர் வருவார். நாங்கள் காசு வைத்ததில்லை, புளியங்கொட்டைதான். 200-க்குக் குறைந்த கேள்வியில் வென்றால் ஒன்று வரும், தோற்றால் இரண்டு போகும். தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கணக்கு.

இப்போது ஊரில் இருந்து விளையாட இடமும் இல்லை. முன்பெல்லாம் உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் பாயோடு போய் மணலில் இருப்போம். போன தடவை விரித்த பாயைச் சுருட்டச் சொன்னான் ஒரு பொடியன். விடுதிக்காரரின் சாய்கதிரைக்கு இடமாம். அலை வந்து தொடுகிற மணல் எப்போது விடுதிக்குச் சொந்தமானது? கேட்டால் மேலாளரிடம் பேசுங்கள் என்கிறான். அது வேறு கதை.

உங்களை மாமிக்கு எதிரே இருத்துவார்கள் என்று நினைக்கிறேன். புது மருமகளைக் கூட்டாளியாக்கித்தான் பார்ப்பார்கள். அவர் 170 கேட்டால் நீங்கள் 180 என்று ஏற்றாதீர்கள். எங்கள் வீட்டு வழக்கப்படி கூட்டாளியை மீறுவதென்றால் 200-இல் இருந்துதான் தொடங்க வேண்டும், அதுவும் கையில் ஒரே சாதியில் ஜாக்கும் ஒன்பதும் இருந்தால் மட்டும். மாமி எதை இறக்கினாலும் "ஏன் இதைப் போட்டீர்கள்?" என்று ஆட்டம் நடக்கும்போது கேட்கவே கேட்காதீர்கள். முடிந்த பிறகு அவரே கேட்பார், உங்களிடம்.