வசவாகிப்போன டாம்: மகளுக்கு இந்த நாவலைக் கொடுக்கலாமா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' வேண்டும் என்கிறாள். 'அங்கிள் டாம்' என்பதே வெள்ளையருக்கு வால்பிடிக்கும் கறுப்பரைத் திட்டும் சொல்லாமே. கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுங்கள். சுருக்கிய சிறுவர் பதிப்பு மட்டும் வேண்டாம். இது அமெரிக்க அடிமைமுறையை எதிர்த்து ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் என்ற பெண் எழுதிய நாவல். அதில் வரும் அடிமை டாம் அகன்ற மார்பும் திடமான உடம்பும் கொண்டவன், கைக்குழந்தைக்குத் தகப்பன். சக அடிமைப் பெண்ணைச் சாட்டையால் அடிக்கச் சொல்லும் எஜமான் லெக்ரீயிடம் மாட்டேன் என்கிறான். தப்பிய இரண்டு பெண்களைப் பற்றித் தெரிந்தும் வாய் திறக்காமல் அடிபட்டே சாகிறான். அவனைக் கூனிக் குறுகிய கிழவனாக்கியது, முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்கள் ஊர் ஊராகப் போட்ட நாடகங்கள். வசவு ஒட்டிக்கொண்டது அந்த மேடை டாமிடம்தான்.

ஒன்பதாம் அத்தியாயத்தை மகளோடு சேர்ந்தே படியுங்கள். ஓடிவந்த அடிமைக்கு இடம் கொடுத்தாலே ஆறு மாதச் சிறை, ஆயிரம் டாலர் அபராதம் என்றது 1850-ன் அமெரிக்கச் சட்டம். கதையில் அப்படியொரு சட்டத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வீடு திரும்புகிறார் ஒஹையோ செனட்டர் பேர்ட். அன்றிரவே பனிப்பாளங்கள் மிதக்கும் ஆற்றைத் தாண்டி, கிழிந்த பாதங்களோடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள், தப்பி ஓடிவந்த அடிமைத் தாய் எலைசா. தயங்கித் தயங்கி மனைவியிடம் செனட்டரே சொல்கிறார்: இறந்துபோன நம் ஹென்றியின் துணிகள் அந்த இழுப்பறையில் இருக்கின்றனவே. அவள் திறக்கிறாள். குட்டிச் சட்டைகள், பம்பரம், முனை தேய்ந்த சின்னச் செருப்பு. ஸ்டோவும் 1849-ல் ஒன்றரை வயது மகனைக் காலராவுக்குப் பறிகொடுத்தவர். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

1852 மார்ச்சில் நூலாக வந்தது. முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் மூன்று லட்சம் பிரதிகள். அடிமைமுறையை முன்னிட்டு மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரைத் தொடங்கிவைத்த சின்னப் பெண்மணி நீங்கள்தானா என்று லிங்கன் ஸ்டோவிடம் கேட்டாராம். அதற்கு அக்காலச் சான்று இல்லை, பள்ளிக் கட்டுரையில் எழுத வேண்டாம்.

குறைகளையும் மறைக்காதீர்கள். கறுப்பர்கள் பிறவியிலேயே சாதுவானவர்கள் என்பதுபோல ஸ்டோவ் எழுதுகிறார். எலைசாவின் கணவன் ஜார்ஜை, படித்த பிறகும், அமெரிக்காவில் வாழவிடாமல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்கு அனுப்பிவிடுகிறார். கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1949-ல் இந்த நாவலைக் கடுமையாக விமர்சித்தது நியாயமே. அப்புறம், லெக்ரீயின் அடிமையான கேசி என்ற பெண்ணின் கதையில் பாலியல் கொடுமை வருகிறது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாவலை முடித்த கையோடு, அடிமையாக இருந்தவர்களே எழுதியதைக் கொடுங்கள். 1845-ல் வந்த ஃபிரெடரிக் டக்ளஸின் தன்வரலாறு சின்னப் புத்தகம்தான். அடுத்து, 1861-ல் வந்த ஹேரியட் ஜேக்கப்ஸின் தன்வரலாறு. எஜமானிடமிருந்து தப்ப, எழுந்து நிற்கக்கூட முடியாத பரணில் ஏறக்குறைய ஏழு வருடம் ஒளிந்திருந்தவர் அவர்.