தரையில் சொட்டாமலே குறையும் கூலன்ட்: ஹெட்டை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்களுடைய டீசல் பிக்கப் வண்டிக்குப் பதினைந்து வயதாகிறது. காய்கறி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்வருகிறோம். வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கத்தான் வேண்டுமா?

பதில்: இறக்க வேண்டியிருக்கலாம். ஆனால், தரையில் சொட்டு இல்லை என்பதை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வரக் கூடாது. ஓடும் வண்டியில் கூலன்ட் சுமார் 90 டிகிரி செல்சியஸ் சூட்டில், அழுத்தத்துடன் சுற்றிவருகிறது. மயிரிழை விரிசல் வழியாக வெளியேறும் துளி, சூடான இரும்பில் பட்டதும் ஆவியாகிவிடும். வண்டி நின்று ஆறியதும் அழுத்தம் இறங்கி, கசிவும் நின்றுவிடும். இரவில் வண்டிக்கு அடியில் விரித்த அட்டை காலையில் உலர்ந்தே கிடப்பது இதனால்தான்.

ஆனாலும் கசிந்த இடத்தில் வெள்ளை, பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு படிவு தங்கியிருக்கும். இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு டார்ச் வெளிச்சத்தில் ஹோஸ் கிளிப்புகளையும், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்துடன் சேரும் விளிம்பையும், தெர்மோஸ்டாட் மூடியையும் பாருங்கள். வாட்டர் பம்ப்பின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வழியட்டும் என்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் துளையைச் சுற்றி படிவு தடித்திருந்தாலோ, பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஆட்டும்போது புல்லி ஆடினாலோ பம்ப்பை மாற்றியாக வேண்டும். துளையைப் பசை வைத்து அடைப்பது பேரிங்கைக் கெடுக்கும் வேலை.

ரேடியேட்டர் மூடியைப் பெரும்பாலோர் வெறும் மூடியாகவே நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு வால்வு. அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பது, அது எத்தனை பார் அழுத்தம் வரை தாங்கிப் பிடிக்கும் என்பதைக் காட்டுகிறது. அதன் ரப்பர் இறுகிப்போனால், சுமையோடு மேடு ஏறும்போது கூலன்ட் ரிசர்வ் தொட்டிக்குத் தள்ளப்பட்டு, வழிகுழாய் வழியாகச் சாலையிலேயே போய்விடும். இவ்வளவு பழைய வண்டியில் அதே எண்ணுள்ள புது மூடியை முதலில் போட்டுப் பார்ப்பதே என் பரிந்துரை. செலவும் மிகக் குறைவு. இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் எக்காரணம் கொண்டும் மூடியைத் திறக்காதீர்கள்.

அடுத்து, அழுத்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஆறிய ரேடியேட்டரின் வாயில் கைப்பம்ப்பைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் விட வேண்டும். இன்ஜின் ஆறியிருப்பதால் வெளிக்கசிவு இருந்தால் ஆவியாகாமல் துளியாகவே கண்ணில் படும். பம்ப்பின் அழுத்தமானியில் முள் இறங்கியும் வெளியே எங்கும் ஈரமில்லை என்றால்தான், கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே கசியும் உள்கசிவைச் சந்தேகிக்க வேண்டும்.

உள்கசிவு என்றால் அதற்கான அடையாளங்கள் தேவை. காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, ரேடியேட்டரில் குமிழிகள் ஓயாமல் வருவது, சூடேறிய பின்னும் இனிப்பு வாடையுடன் வெண்புகை தொடர்வது, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருப்பது ஆகியவை வலுவான அடையாளங்கள். ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் தெரியும் வெண்மை வெறும் ஈரப்பதமாகவும் இருக்கலாம். இன்ஜினில் எரிந்த புகை கூலன்டில் கலந்திருப்பதைக் காட்டும் நீலத் திரவச் சோதனையும் உண்டு. கேஸ்கெட் வழியாகப் புகை கூலன்டில் கலந்தால், டீசல் இன்ஜினில் அந்தத் திரவம் பச்சையாக மாறும். உங்கள் வண்டியில் கூலன்ட் ஓடும் இ.ஜி.ஆர். கூலர் (இன்ஜினுக்கே திரும்பிச் செல்லும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) இருந்தால், ஹெட்டைத் தொடுவதற்கு முன் அதைக் கழற்றித் தனியாகச் சோதியுங்கள். அது விரிசல் விட்டாலும் கூலன்ட் புகையோடு தடமின்றிப் போய்விடும்.

இதற்கிடையே மஞ்சள் தூளோ கசிவடைப்புப் பொடியோ போடாதீர்கள். அவை கசிவை அடைப்பதோடு ரேடியேட்டரின் குறுகிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரும் வேண்டாம். கூலன்டையும் காய்ச்சி வடித்த நீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். அது இனிக்கும் நஞ்சு என்பதால் குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஹெட்டை இறக்க வேண்டிவந்தால், புது கேஸ்கெட்டை வைத்து மூட அவசரப்படாமல், ஹெட்டின் அடிமட்டம் வளைந்திருக்கிறதா, எங்காவது விரிசல் இருக்கிறதா என்பதை லேத் பட்டறையில் சோதித்த பிறகே பூட்டச் சொல்லுங்கள்.