மோட்டார் பக்கம்: முறுக்கினால் திரும்பி வராத கைப்பிடி

கேள்வி (பட்டர்வொர்த் வாசகர்): அப்பாவின் பழைய யமஹா ஆர்எக்ஸ்-இசட் மோட்டார் சைக்கிளில்தான் தினமும் பினாங்குப் பாலம் ஏறி பாயான் லெப்பாசுக்கு வேலைக்குப் போகிறேன். ஒரு மாதமாக எண்ணெய்க் கைப்பிடி (வேகம் கூட்ட முறுக்கும் வலது கைப்பிடி) கனமாக இருக்கிறது. முறுக்கி விட்டால் தானாகத் திரும்புவதில்லை, நான்தான் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. பட்டறையில் கேபிளை மாற்றச் சொல்கிறார்கள். நண்பனோ டபிள்யூடி-40 அடித்தால் போதும் என்கிறான். நானே மாற்ற முடியுமா?

பதில்: முடியும் தம்பி, ஆனால் சரியாகும்வரை அந்த மோட்டாரில் பாலம் ஏற வேண்டாம். பதின்மூன்றரை கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் கடல், பக்கத்திலிருந்து காற்று வேறு. நட்டநடுவில் கைப்பிடி முறுக்கினபடியே மாட்டிக்கொண்டால் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. அப்படி எங்காவது நடந்தால் முதலில் கிளட்சைப் பிடியுங்கள், எஞ்சின் கத்தினால் கத்தட்டும், உடனே சாவியை அணைத்துவிட்டு ஓரம் கட்டுங்கள்.

சரி, கேபிளுக்கு வருவோம். கடைக்கு ஓடுவதற்கு முன் எது இறுகியிருக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் பாதிப் பேர் கேபிளை மாற்றிய பிறகும் அதே கனத்தோடு திரும்பி வருகிறார்கள். சீட்டைக் கழற்றி, பெட்ரோல் குழாயை மூடிவிட்டு டேங்கைத் தூக்கி வையுங்கள். கைப்பிடிப் பக்கம் இருக்கும் இரண்டு ஸ்குருவைக் கழற்றினால் கேபிளின் குண்டு முனை வெளியே வரும். (துருப்பிடித்த ஸ்குருவை அவசரமாகத் திருகினால் தலை வழுக்கிவிடும், உடம்புக் கனத்தைப் போட்டு அழுத்தித் திருகுங்கள்.) இப்போது கேபிள் இல்லாமல் வெறும் கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். அதுவே இறுக்கமாகச் சுற்றினால் கோளாறு கேபிளில் இல்லை. உள்ளே பழைய கிரீஸ் களிம்பாகக் காய்ந்திருக்கும், அல்லது அழகுக்காக மாட்டிய புது ரப்பர் ஹேண்டில் முனையில் போய் உரசிக்கொண்டிருக்கும். துடைத்து, ரப்பரை இரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்தாலே வேலை முடிந்தது, காசும் மிச்சம்.

கைப்பிடி லேசாகச் சுற்றினால் அடுத்தது கேபிள். முனையை விரலால் இழுத்து விடுங்கள். கரகரவென்று மணலில் இழுப்பதுபோல் வந்தால் உள்ளே துரு. கடற்காற்றில் தினமும் போகிற மோட்டாருக்கு அது சீக்கிரம் வரும். முனைக்கு அருகில் கம்பி இழைகளையும் பாருங்கள். ஓர் இழை அறுந்து மீசை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் டபிள்யூடி-40 பேச்சே வேண்டாம். அந்த மீசைதான் உறைக்குள் போய்க் கொக்கி போட்டுக் கைப்பிடியைத் திரும்பவிடாமல் பிடிக்கிறது. அதோடு டபிள்யூடி-40 அழுக்கைக் கரைக்கும், துருவை இளக்கும், பிறகு காய்ந்துபோகும். கேபிளுக்கு மெல்லிய எண்ணெய்தான் சரி.

மாற்றுவதென்று முடிவானால், இந்த மோட்டாரில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஆர்எக்ஸ்-இசட் டூ ஸ்ட்ரோக். கைப்பிடியிலிருந்து ஒரே கேபிள் வந்து டேங்குக்கு அடியில் இரண்டாகப் பிரியும். ஒன்று பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கு, இன்னொன்று எஞ்சின் பக்கத்தில் சின்ன மூடிக்குள் இருக்கும் 2டி எண்ணெய் (பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து எஞ்சினுக்கு வழுவழுப்புத் தரும் எண்ணெய்) பம்ப்புக்கு. முறுக்க முறுக்க பம்ப்பும் கூடத் திறந்து கூடுதல் எண்ணெய் ஊற்றும். வாலிப வயதில் கார்புரேட்டர் பக்கத்தை மட்டும் மாட்டி, பம்ப் பக்கத்தை "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிட்டு சுங்கைப்பட்டாணிக்குக் கிளம்பினேன். பின்னால் புகையே இல்லை, மோட்டார் இவ்வளவு சுத்தமாக ஓடுகிறதே என்று பெருமை வேறு. பாதி வழியில் பின் சக்கரம் கிறீச்சென்று இறுகி நின்றது. எண்ணெய் போதாமல் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிவிட்டது. கேபிள் விலையை விட எத்தனையோ மடங்கு கொடுத்து சிலிண்டரைக் கடைந்தேன்.

ஆகவே கடையில் கேட்கும்போது பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மலாய்க் கடைகளில் 'தாலி மின்யாக்' (எண்ணெய்க் கேபிள்) என்றால்தான் சட்டென்று புரியும். (தாலி என்றால் அவர்களுக்குக் கயிறு, புத்துஸ் என்றால் அறுந்துவிட்டது. "தாலி புத்துஸ்" என்று நான் ஒருமுறை போனில் சொன்னதைக் கேட்டு வீட்டில் நடந்த ரகளை தனிக்கதை.) பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம், முனைக் குண்டின் அளவு, பிரியும் இடம் மூன்றையும் ஒப்பிடுங்கள். யாராவது முன்பே பம்ப்பைக் கழற்றிவிட்டு 2டி எண்ணெயை பெட்ரோல் டேங்கிலேயே கலந்து ஓட்டுகிறார்களா என்றும் பாருங்கள், அப்படியென்றால் உங்களுக்குத் தேவை பிரியாத ஒற்றைக் கேபிள்.

பழையதை உருவும் முன் அதன் மேல் முனையில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி கார்புரேட்டர் பக்கமாக இழுங்கள். கேபிள் வெளியே வரும், அது போன பாதையில் கயிறு நிற்கும். அந்தக் கயிற்றிலேயே புதியதைக் கட்டி இழுத்தால் எந்த ஒயருக்கு மேலே, எதற்குக் கீழே என்று மண்டையை உடைக்க வேண்டாம். கார்புரேட்டர் மூடியைத் திருகி எடுத்தால் ஸ்பிரிங்கோடு ஸ்லைடு (கேபிள் மேலே தூக்கும் சின்ன உருளை) வெளியே வரும், அதன் ஊசி வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை மூடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு கேபிள் குண்டைக் காடியில் நுழைத்துப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். இரண்டு கை போதாது போலத் தோன்றும், நாலாவது தடவையில் பழகிவிடும். திரும்ப இறக்கும்போது ஸ்லைடின் வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் இருக்க வேண்டும், அதன் பள்ளம் உள்ளே இருக்கிற சின்ன முளையில் உட்கார வேண்டும். எஞ்சினைக் கிளப்பும் முன் கைப்பிடியை முழுக்க முறுக்கிச் சட்டென்று விடுங்கள். கார்புரேட்டருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். அந்த டக் கேட்காமல் கிக்கரை மிதிக்காதீர்கள், நின்ற இடத்திலேயே எஞ்சின் அலறும்.

பம்ப்பில் கேபிள் மாட்டும் சின்னச் சக்கரத்தில் ஒரு குறி இருக்கும். அது எந்த நிலையில் எதற்கு நேரே நிற்க வேண்டும் என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்துச் சரி செய்யுங்கள், கண் கணக்கு வேண்டாம். இந்த ஒரு வேலைக்கு மட்டும் டூ ஸ்ட்ரோக் தெரிந்த பட்டறைக்குப் போனாலும் வெட்கமில்லை.

கேள்வி (செந்தூல் வாசகர்): ஹோண்டா இஎக்ஸ்5 கேபிள் இரவில் நடுவழியில் அறுந்துவிட்டது. சைக்கிள் பிரேக் கம்பியை வைத்து ஓட்டலாமா?

பதில்: அதன் குண்டு உங்கள் கைப்பிடியில் உட்காராது, ஸ்குரு போட்டு இறுக்கும் குண்டு வாங்கித்தான் ஒப்பேற்ற வேண்டும். வீடு வரை சரி, அதையே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களையும் தெரியும், எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்குரு கடித்த இடத்தில்தான் இழைகள் முதலில் அறும், அப்புறம் மேலே சொன்ன அதே மீசைக் கதை. கையில் எதுவுமே இல்லாத நேரத்தில் கார்புரேட்டரின் ஸ்லோ ஸ்குருவை உள்ளே திருகி எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினால், முதல் கியரிலோ இரண்டாவதிலோ ஓரமாக உருட்டிக்கொண்டு வந்துவிடலாம். வீட்டுக்கு வந்ததும் திருப்பி இறக்க மறக்க வேண்டாம்.

கேள்வி (பிறை வாசகர்): புதுக் கேபிள் போட்டதிலிருந்து ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்தால் எஞ்சின் தானாக வேகம் எடுக்கிறது. கார்புரேட்டர் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. கேபிள் எங்கோ இழுபடுகிறது. ஒன்று தவறான பாதையில் போயிருக்கிறது, அல்லது உயரமான ஹேண்டில் மாட்டி நீளம் போதவில்லை. பாதையைச் சரி பண்ணிவிட்டு, கைப்பிடியில் 2 முதல் 6 மில்லிமீட்டர் வெற்றுச் சுழற்சி இருக்கும்படி அட்ஜஸ்டரைத் திருகுங்கள். எஞ்சின் ஓடும்போதே ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒடித்துப் பாருங்கள், சத்தம் துளியும் மாறக் கூடாது. மாறினால் நீளமான கேபிள்தான் வாங்க வேண்டும்.