ஒடியல் மாவும் அட்சென்ஸும்: வலைப்பூ பற்றி வாசகர்கள் கேட்டவை

வலைப்பூ தொடங்கவும் நடத்தவும் ஆசைப்படும் யாழ்ப்பாணத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த முறை எடுத்திருக்கிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

எல்லாரும் டிக்டொக், யூடியூப் என்று இருக்கிறார்கள். இப்போது வலைப்பூ தொடங்கினால் யார் வாசிப்பார்கள்? (மாணவர், கொக்குவில்)

முதலில் உங்கள் சிநேகிதர்கள் வாசிப்பார்கள், அதுவும் வட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி வற்புறுத்தினால். கொஞ்ச நாளில் அவர்களும் களைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கூகுளில் எதையோ தேடி வந்து சேர்பவர்கள்தான் உங்கள் வாசகர்கள். பேஸ்புக்கில் போட்டது சில நாளில் கீழே போய்விடும், பிறகு நீங்களே தேடினாலும் அகப்படாது. நல்லூரின் 25 நாளில் எந்த நாள் என்ன திருவிழா என்று வடிவாக ஒரு பதிவு எழுதி வைத்தால், அடுத்த வருடக் கொடியேற்றத்துக்கும் அதற்கு ஆட்கள் வருவார்கள். திகதிகளை மட்டும் மாற்றினால் போதும். உடனே கைதட்டு வேண்டும் என்றால் வலைப்பூ சரிவராது. ரீல்ஸ் போடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

ஊர்க் கோயில்கள் பற்றிய கட்டுரைகளைப் பாமினியில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். வலைப்பூவில் ஒட்டினால் ஆங்கில எழுத்தாக வருகிறது. (ஓய்வுபெற்ற ஆசிரியர், சுன்னாகம்)

மாஸ்டர், கட்டுரைகள் பழுதாகவில்லை, பயப்பட வேண்டாம். பாமினியில் அடிக்கும்போது கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. அது இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. குற்று வைக்க அரைப்புள்ளி விசையைத் தட்டுவீர்கள் அல்லவா? அதனால்தான் ஒட்டிய பக்கம் முழுக்க அரைப்புள்ளியாகக் கிடக்கிறது.

பாமினியை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொது முறையான யுனிகோடாக மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் கனக்க உண்டு. ஒட்டி, மாற்றி, எடுத்துக்கொள்ளலாம். கட்டுரைக்குள் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழ் எழுத்தாக மாறி உளறும். ஆகவே மாற்றிய பிறகு ஒரு முறை ஆறுதலாக வாசித்துத் திருத்துங்கள். இனிமேல் எழுதுவதற்கு விரல் பழக்கத்தை மாற்றத் தேவையில்லை. பாமினி விசை ஒழுங்கிலேயே யுனிகோடில் அடிக்கும் விசைப்பலகைகள் இருக்கின்றன.

இன்னொன்று. கோயில் வரலாறு எழுதும் நீங்கள், 2005 இலிருந்து ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் ‘நூலகம்’ தளத்தையும் பார்க்க வேண்டும். பழைய கும்பாபிஷேக மலர்களைக்கூட அங்கே தேடலாம். 1981 இல் எரிந்த பொது நூலகத்தோடு என்னென்ன போயிற்று என்று உங்கள் தலைமுறைக்கு நான் சொல்லத் தேவையில்லை. எழுதியதை ஒரே இடத்தில் மட்டும் வைத்திருக்காதீர்கள்.

சமையல் வலைப்பூ தொடங்கி மூன்று மாதம். ஒடியல் கூழுக்குப் படம் எல்லாம் எடுத்துப் போட்டேன், பார்த்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. (இல்லத்தரசி, சாவகச்சேரி)

தங்கச்சி, மூன்று மாதம் காணாது. புதுத் தளத்தைக் கூகுள் கவனிக்கவே நாளாகும். சேர்ச் கொன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைப் பதிந்துவிடுங்கள், அது கொஞ்சம் விரைவாக்கும்.

உங்கள் பதிவின் தலைப்பு ‘அம்மாவின் கைமணம்’. வடிவான தலைப்புத்தான், ஆனால் அதை யார் தேடுவார்கள்? ரொறன்ரோவில் ஒரு பிள்ளை கடையில் ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கின் மா) வாங்கி, ஊறவைத்து அந்தத் தண்ணீரை வடிக்காமல் காய்ச்சிவிட்டு, ‘கூழ் ஏன் கசக்கிறது’ என்று ஃபோனைத் தடவிக்கொண்டிருக்கும். அந்தக் கேள்விக்கு ஒரு பதிவு எழுதுங்கள். நண்டு கிடைக்காத ஊரில் என்ன போடுவது, பலாக்கொட்டைக்குப் பதில் என்ன, பழப்புளியை எப்போது விடுவது என்று ஒவ்வொன்றும் தனிப் பதிவுக்குத் தாங்கும். அந்தப் பிள்ளை தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கும். அதனால் உணவின் பெயரை ஆங்கில எழுத்திலும் பதிவில் ஓர் இடத்தில் சேருங்கள்.

அப்புறம் ஒரு சின்னச் சோலி. கூகுளின் இலவச வலைப்பூத் தளமான பிளாக்கரில் தலைப்பைத் தமிழில் மட்டும் கொடுத்தால், பதிவின் முகவரி ‘பிளாக் போஸ்ட்’ என்றும் ஓர் இலக்கமும் மட்டுமாக வந்து நிற்கும். அதைப் பார்த்து ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. வெளியிட முன் பெர்மாலிங்க் பகுதியில் ஆங்கில எழுத்தில் ‘ஒடியல் கூழ்’ என்று நீங்களே கொடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால், முன்பு பகிர்ந்த லிங்க் வேலை செய்யாது.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாமா? (மானிப்பாய்)

விடாதீர்கள். வலைப்பூவில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுள் அட்சென்ஸ் 2018 இலிருந்து தமிழ்ப் பக்கங்களையும் ஏற்கிறது, உண்மை. ஆனால் கணக்கில் 100 டொலர் சேர்ந்தால்தான் பணம் வெளியே வரும், தமிழில் எழுதும் புதியவருக்கு அதற்கே நெடுநாள் பிடிக்கும். அதற்கு முன், 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்தத் தபாலில் ஓர் இரகசிய இலக்கம் அனுப்புவார்கள். ஒழுங்கைப் பெயரும் வீட்டு இலக்கமும் தபால்காரருக்கு விளங்கும்படி இருக்கிறதா என்று முதலே பாருங்கள். ‘வைரவர் கோயிலடி’ என்று மட்டும் போட்டு மாதக்கணக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குத் தையலோ தோட்டமோ தொழிலாக இருந்தால், வலைப்பூ அதற்கு ஆள் கூட்டித் தரும். விளம்பரக் காசை விட அந்த வருமானம் நம்பத் தக்கது.

என் கட்டுரையை ஒரு பேஸ்புக் பக்கம் பெயர்கூடப் போடாமல் எடுத்துப் போட்டுவிட்டது. (பருத்தித்துறை)

வயிறு எரியத்தான் செய்யும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவுடனேயே பதிப்புரிமை உங்களுடையது. எங்கேயும் பதியத் தேவையில்லை. முதலில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், பிறகு மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். அசையாவிட்டால் பேஸ்புக்கின் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்புங்கள். ஆனால் உரிமை நீங்கள் எழுதிய விதத்துக்கும் எடுத்த படத்துக்கும்தான். தகவலுக்கு ஒருவரும் சொந்தம் கொண்டாட முடியாது.

புனைபெயரில் ஊர் விவகாரங்களை எழுதலாமா? (பெயர் வேண்டாம்)

எழுதலாம். ஆனால் நம் ஊரில் யார் எழுதியது என்று இரண்டாம் பதிவிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். 2024 இல் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் சில வகைப் பொய்க் கூற்றுகளைக் குற்றமாக்குகிறது, அதற்குப் புனைபெயர் கேடயம் ஆகாது. கையில் ஆதாரம் உள்ளதை மட்டும் எழுதுங்கள்.

சொந்த டொமைன் (தளத்துக்கு என்று தனி முகவரிப் பெயர்) வாங்க வேண்டுமா? (உரும்பிராய்)

முதல் வருடம் வேண்டாம். வருடா வருடம் புதுப்பிக்க மறந்தால் பெயர் கைநழுவிவிடும்.

எழுத நேரமில்லை, பல மாதமாக ஒன்றும் போடவில்லை. மூடிவிடலாமா? (காரைநகர்)

மூட வேண்டாம், அப்படியே கிடக்கட்டும். ‘நீண்ட நாட்களாக எழுதாததற்கு மன்னிக்கவும்’ என்று ஒரு பதிவும் வேண்டாம், அதை வாசிக்க ஒருவரும் காத்திருக்கவில்லை. பழைய பதிவுகளில் எதற்கு இன்னும் ஆட்கள் வருகிறார்கள் என்று பார்த்து, அதை மட்டும் புதுப்பியுங்கள். கூகுள் கணக்குக்குள் இடைக்கிடை போய் வாருங்கள், இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்கை அவர்கள் நீக்கலாம். பிளாக்கர் அமைப்புகளில் பதிவுகளைத் தரவிறக்கும் வசதி இருக்கிறது. அந்தக் கோப்பில் எழுத்தும் பின்னூட்டங்களும் வரும், படங்கள் வரா. அவற்றைத் தனியாக ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள்.